எங்கள் வீட்டு மரவாடி

தஞ்சாவூர் ஜில்லா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பெரிய கோயில் விமானம், தலையாட்டிப் பொம்மை, கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சைப் பட்டு விரித்தது போல் நெல் வயல். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறித் தெற்கே ஒரத்தநாட்டைத் தாண்டி வந்து பாருங்கள். வயல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். தென்னை முன்னால் வந்து நிற்கும். பட்டுக்கோட்டை, மதுக்கூர், பேராவூரணி, அதிராம்பட்டினம் என்று கடற்கரை வரைக்கும் அதன் ராஜ்யந்தான். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபோது கல்லணைக் கால்வாயும் கூடவே வந்தது. அந்தத் தண்ணீர்தான் எங்கள் மேட்டு மண்ணைத் தோப்பாக்கிற்று. அந்தத் தோப்புகளை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

ஆனால் எங்களுக்குத் தோப்பு ஒன்றும் கிடையாது. எங்களுக்கு இருப்பது ஒரு மரவாடி. என் மாமனார் மரம் வாங்கி அறுத்து விற்றவர். என் வீட்டுக்காரர் காலத்தில் அது மெல்ல உருமாறி, ‘மரத்துக்கு வேலை’ செய்யும் தொழிலாயிற்று. கூரை மேல் சாய்ந்த மாமரத்தைக் கழிக்க வேண்டுமா, தென்னையின் கொண்டையைச் சுத்தம் பண்ண வேண்டுமா, மின்கம்பிக்குப் பக்கத்தில் பட்டுப்போய் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைத் துண்டு துண்டாக இறக்க வேண்டுமா, எங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். சீமையில் இதற்கு ‘மர சர்ஜரி’ என்று கௌரவமான பெயர் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஜான் டேவி என்பவர் 1901-இல் ‘மர டாக்டர்’ என்று ஒரு புத்தகமே போட்டார். எங்கள் ஊரில் எங்களை ‘மரம் வெட்டுற வீடு’ என்பார்கள். போகட்டும், பெயரில் என்ன இருக்கிறது!

பேரம் பேசுவது, ஆள் பிடிப்பது, மரத்தை அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டுவது எல்லாம் அவர். வாடியைப் பார்த்துக்கொள்வது நான். கயிறு, கப்பி, கோடரி, ரம்பம், எண்ணெய், கணக்கு நோட்டு, ஆட்களின் சாப்பாடு, காப்பீட்டுக் காகிதம் எல்லாம் என் பொறுப்பு. ‘பெண்பிள்ளைக்கு ரம்பத்தோடு என்ன வேலை?’ என்று முதலில் கேட்டவர்கள் உண்டு. அடுப்படியை ஆளத் தெரிந்தவளுக்கு வாடியை ஆளத் தெரியாதா? சொல்லப்போனால் இரண்டும் ஒன்றுதான். அரிவாள்மணை மழுங்கினால் வெண்டைக்காய் நறுங்காமல் நசுங்குகிறது அல்லவா? மிஷின் ரம்பத்தின் சங்கிலியும் அப்படியே. கூராக இருந்தால் மரத்திலிருந்து சீவல் சீவலாக வந்து விழும். மழுங்கிவிட்டால் மாவு மாதிரித் தூள்தான் பறக்கும். சாயங்காலம் ஆட்கள் வந்ததும் அவர்கள் சட்டையைப் பார்ப்பேன். தூளாக அப்பியிருந்தால், ‘இன்றைக்கு அரம் போடவில்லை, இல்லையா?’ என்று கேட்டுவிடுவேன். ‘அக்காவுக்கு ஜோசியம் தெரியும்’ என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

இதில் தென்னைக்கு என்று ஒரு பிடிவாதம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சாதுவாகத் தெரியும். அடிமரத்தின் ஓரத்தில் ரம்பத்தை வைத்தால்தான் தெரியும், அது இரும்பு. உள்ளே போகப் போகப் பஞ்சு. நம் வீட்டுக் கதவு மரம் இதற்கு நேர்மாறு, உள்வயிரந்தான் கெட்டி. புயலில் விழுந்து மண்ணில் புரண்ட தென்னையானால் கேட்கவே வேண்டாம். மணலும் சேர்ந்துகொண்டு ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஊற்றும்போதும் உருண்டை அரத்தால் ஒரு பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு இழுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வாடிச் சட்டம்.

பெட்ரோல் என்றதும் இன்னொன்று. இந்த ரம்பத்துக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. 1 லிட்டருக்கு 20 மில்லி என்ற கணக்கில் அதற்கென்று உள்ள எண்ணெயைக் கலக்க வேண்டும். ரசத்துக்கு உப்புப் போடுவது போல் கைப்பதத்தில் போட்டால் இஞ்சின் இறுகிப்போகும். அளவு சீசாவை என் அலமாரியில் பூட்டியே வைத்திருக்கிறேன். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்து வருகிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. ஐப்பசி மழையில் இரண்டு மாதம் வேலை இல்லாமல் ரம்பம் சும்மாக் கிடந்தால், டாங்கியில் கிடக்கும் பழைய பெட்ரோல் உள்ளே பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். அதனால் மழைக்கு முன்பே டாங்கியைக் காலி செய்து, இஞ்சினை அது தானாக அணையும்வரை ஓடவிட்டு, காற்று வடிகட்டியைத் துலக்கி, துணி சுற்றி வைப்பேன். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிப் படுக்கப் போடுவது போலத்தான். பொன் விலை விற்கிற சாமான் ஆயிற்றே!

ஆனால் என் உயிர் இருக்கும் இடம் ரம்பம் அல்ல, கயிறு.

ரம்பம் கெட்டால் வேலை நிற்கும். கயிறு கெட்டால் ஆள் விழுவான். அதனால் கயிற்றுக்கென்று கொட்டகையில் தனி மூலை. வெயில் படக்கூடாது, நைலான் வெயிலில் காய்ந்து உள்ளுக்குள்ளேயே பலம் போய்விடும். பெட்ரோல், பாட்டரித் திராவகம் இருக்கும் பக்கமே அது போகக்கூடாது. எலி வரக்கூடாது. தரையில் கிடக்கவே கூடாது. மர முளையில் வளையம் வளையமாகத் தொங்க வேண்டும். வேலைக்குப் போகும் முன் முழுக் கயிற்றையும் முழம் முழமாக விரல்களுக்கிடையே ஓட்டிப் பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டுதான். பூத்தொடுத்த கைக்கு எங்கே நார் மெலிந்திருக்கிறது, எங்கே பிரி எழுந்திருக்கிறது என்பது கண்ணைவிட நன்றாகத் தெரியும். சந்தேகம் வந்துவிட்டால் அந்தக் கயிறு அன்றோடு சரி. அதை மூலையில் போடவும் மாட்டேன். அவசரத்தில் எவனாவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? அரிவாளால் நாலு நாலு முழமாக நறுக்கிவிடுவேன். ஆட்டுக்குட்டி கட்டத்தான் ஆகும். எங்கள் தெருவில் ஆடு வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் விலையில்லாத கயிறு எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. ‘புதுக் கயிறு மாதிரி இருக்குதே!’ என்று அவர் வயிற்றெரிச்சல் படுவார். படட்டுமே.

கொட்டகை வாசலில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. காலையில் யார் யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று சாக்கட்டியால் எழுதுவேன். திரும்பி வந்ததும் அவரவர் பெயரை அவரவரே அழிக்க வேண்டும். இது சாமான் கணக்குக்காக ஏற்பட்ட வழக்கம். ஆனால் எங்கள் மூத்த மரமேறியின் மனைவி சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஏதோ கடைக்குப் போகிறவள் போல் எங்கள் வாசல் வழியாகப் போவாள். உள்ளே வரமாட்டாள். பலகையை ஒரு தடவை பார்ப்பாள். பெயர் அழிந்திருந்தால் அப்படியே திரும்பிவிடுவாள். அழியாமல் இருந்தால் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து யாரோடாவது பேசிக்கொண்டிருப்பாள். இருபது வருஷமாக இதைப் பார்க்கிறேன். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கொஞ்சம் வைத்தியத்துக்கு வருவோம். உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரமோ வேம்போ இருக்கும், உங்களுக்கு உபயோகப்படும்.

கிளையை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் செய்வது என்ன? ‘அடியோடு ஒட்ட வெட்டுப்பா, முண்டு தெரியக்கூடாது’ என்று வீட்டுக்காரர் சொல்வார். வெட்டுகிறவரும் சுவர் பூசின மாதிரி வழவழவென்று வெட்டிவிட்டு, மேலே தார் பூசிவிட்டுப் போவார். பார்க்க லட்சணமாக இருக்கும். அமெரிக்க வன இலாகாவில் அலெக்ஸ் ஷைகோ (1930–2006) என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களை மிஷின் ரம்பத்தால் நெடுக்குவாட்டில் பிளந்து, பழைய காயம் உள்ளே என்ன ஆயிற்று என்று பார்த்தார். நம் உடம்புக் காயம் புதுச் சதை வைத்து ஆறுகிறது. மரத்தின் காயம் அப்படி ஆறுவதே இல்லை என்று கண்டார். மரம் கெட்ட இடத்தைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி, அதற்கு மேல் புது வளையம் வளர்த்து மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தச் சுவரை எழுப்பும் சக்தி கிளை தோன்றும் இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி புடைத்திருக்கிறதே, அந்தக் கழுத்தில் இருக்கிறது. ஒட்ட வெட்டினால் அந்தக் கழுத்தும் சேர்ந்து போய்விடும். தார் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, அழுகல் சௌகரியமாகக் குடியிருக்கும். ஆகவே கழுத்தை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். மேலே ஒன்றும் பூச வேண்டியதில்லை.

பெரிய கிளையானால் மூன்று வெட்டு. கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்புறமாகக் கொஞ்சம்; அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுக்க; பாரம் இறங்கிய பிறகு மிச்ச முண்டைக் கழுத்தோரமாக. கீழ் வெட்டுப் போடாமல் மேலிருந்தே வெட்டினால், பாதியில் கிளை தன் பாரத்தால் முறிந்து, அடிமரத்துப் பட்டையைப் புடவை கிழிகிற மாதிரி நெடுகக் கிழித்துக்கொண்டு போகும். உச்சியை மொட்டையடிப்பதும் வேண்டாம். மொட்டையடித்த மரம் ஆத்திரத்தோடு நூறு குச்சிகளைக் கிளப்பும். அத்தனையும் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. அடுத்த காற்றில் அவைதான் முதலில் ஓட்டின் மேல் விழும்.

தென்னைக்கு இந்த வைத்தியம் எதுவும் செல்லாது. தென்னையும் பனையும் புல் ஜாதியோடு சேர்ந்தவை. அவற்றுக்கு வளையம் வைத்து வளரும் பட்டை கிடையாது. ஆகவே தண்டில் பட்ட காயம் மூடவே மூடாது. மரம் இருக்கும் வரை அந்த வடுவும் இருக்கும். ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி வெட்டும் வழக்கத்தை நாங்கள் அடியோடு விலக்கியதற்குக் காரணம் இதுதான். பச்சைக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து முட்டையிடும். புழு உள்ளே தின்றுகொண்டே போகும். வெளியே நமக்கு ஒன்றும் தெரியாது, ஒரு நாள் கொண்டை சாயும் வரை. பச்சை மட்டையை வெட்டியே தீர வேண்டுமானால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர், அதாவது நாலடி விட்டு வெட்ட வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் கணக்கு. மட்டை வழியாகப் புழு தண்டுக்கு வந்து சேராமல் இருக்கத்தான் அந்த நாலடி. ‘அசிங்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறதே’ என்று தோப்புக்காரர் முகம் சுளிப்பார். எங்கள் மூத்தவர், ‘அது அசிங்கமில்லீங்க, வேலி’ என்பார்.

எங்கள் ஜில்லாவின் பெயரையே வைத்துக்கொண்ட ஒரு நோயும் உண்டு. அந்தப் பெருமை வேறு எங்களுக்கு! 1950-களின் தொடக்கத்தில் இங்கே பரவலாகக் கண்டதால் ‘தஞ்சாவூர் வாடல்’ என்றே அதற்குப் பெயர். அடித்தண்டிலிருந்து செங்காவி நிறத்தில் சாறு ஒழுகும். கானோடெர்மா என்ற காளான் வேரில் இருந்துகொண்டு செய்கிற வேலை அது. கண்ட உடனே மரத்தைச் சுற்றி இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டி அதன் வேரைத் தனிமைப்படுத்த வேண்டும். அந்த மரத்தின் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் பாயக்கூடாது. வருஷத்துக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, ஊடே வாழை. செத்த மரமானால் வேர்க்கட்டையோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். மதுக்கூர்ப் பக்கம் வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அங்கே போய்க் கேட்பது எங்களுக்குப் பழக்கம். அப்படிப்பட்ட தோப்பில் வேலை செய்த கடப்பாரையும் மண்வெட்டியும் கழுவி வெயிலில் காய்ந்த பிறகுதான் எங்கள் கொட்டகைக்குள் நுழையலாம். அம்மை கண்ட வீட்டிலிருந்து வருகிறவர் கால் அலம்பாமல் உள்ளே வருவாரா?

வாடியில் தென்னங்கட்டையை அடுக்கி வைப்பதும் கிடையாது. மா, வேம்பு, தூங்குமூஞ்சி எல்லாம் பலகைக்கோ விறகுக்கோ போகும் வரை கிடக்கலாம். தென்னை மட்டும் வந்த வாரமே போய்விட வேண்டும். மக்குகிற தென்னங்கட்டையும் எருக்குழியும் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே பிறந்து வளர்ந்துதான் அது தோப்புக்குப் பறந்து போய்க் குருத்தைத் துளைக்கிறது. மரத்துக்கு வைத்தியம் பார்க்கிற வீட்டிலிருந்து மரத்தின் எமன் புறப்பட்டுப் போனால் நன்றாகவா இருக்கும்? ஆமணக்குப் பிண்ணாக்கு கரைத்த பானைகளை வேலியோரம் புதைத்து வைத்திருக்கிறேன். வண்டு வந்து விழும். நாற்றம் சகிக்காது, விருந்தாளிகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். காப்பி கொடுத்துச் சமாளித்துவிடுவேன்.

இனி, கஜாவைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் தொழிலைப் பற்றி எழுத முடியாது.

என் மாமியார் 1952 நவம்பர் புயலைச் சின்ன வயதில் பார்த்தவர். ‘அதுதான் புயல்’ என்று எங்களை அடக்கி வைத்திருந்தார். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். எங்கள் கொட்டகையின் தகரம் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கயிறுகளையெல்லாம் கூடத்தில் கொண்டுவந்து குவித்து, அதன் மேல் நாங்களே உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால், திக்குத் தெரியவில்லை. உருவகமாகச் சொல்லவில்லை, தோப்புகள் இருந்தபோது தெரியாத அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் எங்கள் வாசலிலிருந்து தெரிந்தது. அத்தனை மரமும் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. மாமியார் வெகு நேரம் பார்த்துவிட்டு, ‘இதுதான் புயல்’ என்றார்.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, கொத்தாக நார்வேர்தான். மழையில் ஊறிய மண், மேலே குலையும் மட்டையுமாகக் கனத்த கொண்டை, சுழற்றி அடிக்கிற காற்று மூன்றும் சேர்ந்தால் என்ன செய்யும்? பாதி மரங்கள் வேரோடு, பாதி நடுவில் முறிந்து. ஆனால் பனை மட்டும் அங்கங்கே ஒற்றைக்காலில் நின்றது. யாரும் வைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் வரப்போரம் நின்ற பனை!

அன்று காலை ஒன்பது மணிக்குள் எங்கள் வாசலில் கூட்டம். எல்லோருக்கும் உடனே வேண்டும். கேட்ட கூலி தருவதாகச் சொன்னார்கள். ‘முதல் இரண்டு நாள் யாரையும் மரத்தில் ஏற்ற மாட்டேன்’ என்றேன். மின்கம்பிகள் அறுந்து கிடக்கின்றன. எதில் உயிர் இருக்கிறது என்று தெரியாது. பாதி சாய்ந்த மரம் வில்லாக வளைந்து நிற்கும். தெரியாமல் ரம்பத்தை வைத்தால் துள்ளி எழுந்து ஆளை அடிக்கும். பாதையில் கிடக்கிற மரங்களைத் தரையில் நின்று அறுப்பது மட்டுந்தான் முதலில். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. எங்கள் ஆட்களுக்கே கோபம். ஒரு நாளில் ஒரு மாதக் கூலி போகிறதே! மூத்தவர் மட்டும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ‘அக்கா சொல்றபடி செய்யுங்கடா’ என்றார். எனக்கு மாமா முறை வேண்டும் அவர். வாடியில் மட்டும் எல்லோரையும் போல ‘அக்கா’ என்பார்.

நாலாம் நாள் பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். தனியாக இருக்கும் ஓர் ஆத்தா. நாற்பது மரத் தோப்பு, முப்பத்தொன்பது கிடந்தன. நின்றது ஒன்று, அதுவும் அவர் குடிசை மேல் சாய்ந்தபடி. அடியில் வேர்ப்பற்று ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கை நுழையும் அளவுக்கு மண் விண்டிருந்தது. ‘இது ஒண்ணு இருக்கட்டும் தாயி. அவரு கையால முதல்ல வச்ச கன்னு’ என்றார் ஆத்தா.

நான் என்ன சொல்வது? மூத்தவர்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். ‘ஆத்தா, இது நிக்கல. விழுந்துக்கிட்டிருக்கு. ராவுல விழுந்தா உங்க மேல விழும்’ என்றார். ஆத்தா பேசாமல் இருந்தார். வெகு நேரம் கழித்து, ‘என் கண்ணு முன்னால வேணாம்’ என்று எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏறிக் கழிக்க முடியாத மரம் அது. ஆள் பாரத்துக்கே வந்துவிடும். கயிறு கட்டி இழுக்க அண்டையில் வேறு மரமும் இல்லை. வரப்பில் நின்ற பனை ஒன்றுதான். மெல்லிய கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, கொண்டைக்கு மேலாக வீசி, அதன் வாலில் பெரிய வடத்தைப் பிணைத்து ஏற்றினோம். பனையின் அடியில் கப்பியைக் கட்டி, வடத்தை அதில் கொடுத்துத் திருப்பினோம். அப்படிச் செய்தால் இழுக்கிறவர்கள் மரம் விழும் திசையில் நிற்க வேண்டியதில்லை. செயின் கப்பியைப் பூட்டி அங்குலம் அங்குலமாக வடம் இறுகியதும், மூத்தவர் பனைப் பக்கமாக வாய் வெட்டினார். பிறகு பின்னாலிருந்து மெல்ல. கடைசி இரண்டு விரல் கனம் கதவுக் கீல் மாதிரி விடப்பட்டது. மரம் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு குடிசைக்கு எதிர்ப்புறமாக, பனையின் காலடியில் வந்து படுத்தது. குடிசையில் ஒரு கீற்று அசையவில்லை. என் கையில் வடம் உரசிய சிவப்பு இரண்டு நாள் இருந்தது. அது நான் வெள்ளிக்கிழமை தடவிப் பார்த்து ‘சரி’ என்று எடுத்து வைத்த வடம்.

ஆத்தா திரும்பி வந்து, அடிமரத்தில் பன்னிரண்டடி நீளத்துக்கு ஒரு துண்டு கேட்டார். வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டுக் கொடுத்தோம். தினம் அதில் நடப்பாராம்.

விழுந்த தென்னைக்குச் சர்க்கார் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். வந்த பணம் வந்ததுதான்; ஆனால் நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை என்ன செய்வது? எங்களிடம் மரம் ஏறிக்கொண்டிருந்த வாலிபர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ஏற மரமே இல்லாத ஊரில் அவர்களைப் பிடித்து வைக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? 2019-இல் வைத்த கன்றுகள் இப்போது காய்ப்புக்கு வந்துவிட்டன. கீழே நின்றே பறிக்கலாம். இன்னும் பத்து வருஷத்தில் அவை வளர்ந்து நிற்கும்போது யார் ஏறப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

பெண்கள் ஏறலாம் என்றால் சிரிக்கிறீர்களா? கேரளத்துச் செம்பேரி ஜோசப் கண்டுபிடித்த ஏறும் கருவி இருக்கிறது. இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி மிதித்து, படியேறுவது போலப் போகலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்று பயிற்சி ஆரம்பித்தபோது பெண்களும் அதில் சேர்ந்து கற்றுக்கொண்டார்கள். ஏறுகிறவர்களுக்கு வாரியத்தின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. சந்தாவில் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. எங்கள் ஆட்கள் காகிதத்தைக் கண்டால் ஓடுவார்கள். நானே உட்கார்ந்து எழுதி, கையெழுத்து வாங்கிப் புதுப்பித்து வைக்கிறேன். வாரிசு என்ற இடத்தில் மூத்தவர் தன் மனைவி பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்தக் கருவி இப்போது எங்கள் வாடியிலும் ஒன்று இருக்கிறது. வளைந்த மரத்துக்கு அவ்வளவாக உதவாது. நேரான மரத்துக்குத் தங்கம். மூத்தவர் அதைத் தொடமாட்டார். காலில் தளை மாட்டி, முதுகில் அரிவாளைச் செருகி, அணில் மாதிரிப் போய்விடுவார். பாதுகாப்புக் கயிற்றை மட்டும் இடுப்பில் கட்டிக்கொள்ள வைத்திருக்கிறேன். அதற்கே மூன்று வருஷம் ஆயிற்று. போன மாதம் அவருடைய பேத்தி வந்து கருவியில் ஏறி, எங்கள் வேலியோரத் தென்னையில் பாதி தூரம் போனாள். கல்லூரியில் படிக்கிற பெண். கீழே நின்ற தாத்தாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ‘இறங்கு, இறங்கு’ என்று கத்தினார். அவர் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்ததும் என்னிடம், ‘அடுத்த தடவை அவ பேரையும் பலகையில எழுதிடுங்க’ என்றாள்.

நீங்கள் மரத்துக்கு ஆள் கூப்பிடும்போது கூலியை மட்டும் பேசாதீர்கள். ‘கயிறு எப்போது வாங்கினது?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கம்பி அருகே மரம் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை அணைத்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் அவசரப்படுத்தாதீர்கள்; பாசி பிடித்த தண்டு எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். கொண்டையில் கதண்டு கூடு கட்டியிருந்தால் குச்சியால் கலைக்கப் பார்க்காமல் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள். எங்கள் பக்கம் கதண்டு கொட்டி உயிர் போனவர்களே உண்டு.

மேற்கே கறுக்கிறது. மூன்று பெயர் இன்னும் பலகையில் இருக்கிறது. எதிர்த் திண்ணையில் ஆள் வந்து உட்கார்ந்தாயிற்று. காப்பி கலந்து கொடுத்துவிட்டு, வெளியே காயும் வடத்தை உள்ளே எடுத்துப் போட வேண்டும்.